அறை ஏ.சி.யில் பழுதான பாகங்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக உள்ள 1 டன் முதல் 2 டன் வரையிலான ஸ்பிளிட் ஏ.சி.களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் மெக்கானிக் கிடைப்பதே அரிது. அதனால் வந்தவர் சொன்ன பாகத்தைச் சோதிக்காமலேயே மாற்றிவிட்டு, சில நாள்களில் அதே பழுதுக்கு வேறொரு பாகத்தையும் மாற்றும் நிலை பல வீடுகளில் ஏற்படுகிறது. ஒரு பாகம் கெட்டுவிட்டது என்பது மீட்டரில் அளந்து தெரிய வேண்டும். அது ஏன் கெட்டது என்பதும் புதியதைப் பொருத்துவதற்கு முன் தெரிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் செய்யப்படும் எந்த மாற்றத்துக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து.

குளிர்ச்சி குறைந்துவிட்டது. ஏதோ ஒரு பாகம் போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

கூடாது. ஃபில்டரில் தூசி அடைத்திருப்பது, இன்டோர் காயிலிலும் (அலுமினிய மடிப்புகள் கோத்த குழாய்த் தொகுதி) காற்றைத் தள்ளும் ப்ளோயர் சக்கரத்திலும் அழுக்குப் படிந்திருப்பது, அவுட்டோர் காயிலின் பின்புறம் தூசியும் புறா இறகும் படலமாக ஒட்டியிருப்பது ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டைக் குறுகிய பால்கனியில் வைத்து, அதன் எதிரே துணி உலர்த்தும் வீடுகளும் உண்டு. அங்கே வெளியேறிய சூடான காற்றே திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதால், எந்தப் பாகத்தை மாற்றினாலும் பயன் இருக்காது.

ஏ.சி. ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆன பிறகு, இன்டோரின் மேற்புறம் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் கீழே வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருக்கும். வேறுபாடு சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால், ஏ.சி.யில் அல்ல, அறையின் அளவிலோ மொட்டை மாடி வெயிலிலோதான் காரணத்தைத் தேட வேண்டும்.

அவுட்டோரில் ஃபேன் சுற்றுகிறது. கம்ப்ரசர் மட்டும் சில விநாடி முனகிவிட்டு நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இன்வெர்ட்டர் அல்லாத, அதாவது கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும், ஏ.சி.யில் இந்த அறிகுறியைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கெபாசிட்டரைத்தான். கம்ப்ரசர் மோட்டார் சுழலத் தொடங்க அதன் ஸ்டார்ட் சுருளுக்குக் கெபாசிட்டர் வழியாக மின்சாரம் செல்ல வேண்டும். கெபாசிட்டர் வலுவிழந்தால் மோட்டார் சுழலாமல் அப்படியே நின்று, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். உடனே ஓவர்லோடு பாதுகாப்பு துண்டித்துவிடும். சில நிமிடம் ஆறிய பின் மீண்டும் முயன்று மீண்டும் துண்டிக்கும். இந்த நிலையில் ஏ.சி.யைத் தொடர்ந்து ஓடவிட்டால், நன்றாக இருந்த கம்ப்ரசரின் சுருளும் சூடேறிக் கருகிவிடக்கூடும்.

கெபாசிட்டர் என்பது அவுட்டோரின் பக்கவாட்டு மூடிக்குள் பட்டையால் கட்டப்பட்டிருக்கும் அலுமினியக் குவளை. அதன் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, மேலே செருகியிருக்கும் தகட்டு முனைகள் கறுத்து வயரின் உறை உருகியிருந்தாலோ அது கெட்டுவிட்டது. பார்வைக்கு நன்றாக இருப்பதும் கெட்டிருக்கலாம் என்பதால் மீட்டரில் அளப்பதே முறை. 1.5 டன் ஏ.சி.களின் கம்ப்ரசருக்குப் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரையிலான 440 வோல்ட் கெபாசிட்டர் இருக்கும். குறிக்கப்பட்ட அளவிலிருந்து 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதாவது 50 என்று குறித்திருந்தால் மீட்டரில் 47.5 முதல் 52.5 வரை காட்ட வேண்டும். 40 காட்டினால் மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். “கொஞ்சம் பெரியதாகப் போட்டால் நன்றாக இழுக்கும்” என்று சொல்வது தவறு. அளவு கூடினால் ஸ்டார்ட் சுருளில் தேவைக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து அது சூடேறும். வோல்ட் அளவு மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. புதிய கெபாசிட்டரும் சில வாரங்களிலேயே கெட்டுப்போனால், தகட்டு முனைகள் தளர்ந்திருக்கின்றனவா, மாலை நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் தாழ்கிறதா, அவுட்டோர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்காமல் மூன்றாவதை வாங்காதீர்கள்.

இன்வெர்ட்டர் ஏ.சி.யின் கம்ப்ரசருக்கு இந்த வகைக் கெபாசிட்டர் கிடையாது. அங்கே கம்ப்ரசரை இயக்குவது அவுட்டோரில் உள்ள போர்டு (பிசிபி) எனும் மின்னணுச் சுற்றுப் பலகை.

கெபாசிட்டரை நானே மாற்றலாமா? காணொளிகளில் எளிதாகத்தான் தெரிகிறது.

வேண்டாம் என்றே சொல்வேன். ரிமோட்டில் நிறுத்துவது மின்துண்டிப்பு ஆகாது, எம்.சி.பி.யை (மின்பெட்டியில் உள்ள துண்டிப்பு சுவிட்ச்) இறக்கிப் பிளக்கையும் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் அவுட்டோர் போர்டிலோ 300 வோல்ட்டுக்கும் அதிகமான நேர்மின்னோட்ட (டி.சி.) அழுத்தம், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பல நிமிடம் நிற்கும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் கெபாசிட்டரையும் போர்டையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. முறையாகச் செய்பவர் ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்த மின்னேற்றத்தை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் அடுக்குமாடிகளில் அவுட்டோர் யூனிட் சன்ஷேடின் மேலோ, சுவரில் அடித்த இரும்புத் தாங்கியின் மேலோ இருக்கிறது. அந்தத் தாங்கி துருப்பிடித்திருக்கக்கூடும். எவர் ஏறினாலும் பாதுகாப்புப் பட்டை கட்டியே ஏற வேண்டும்; பட்டை இல்லாமல் வந்த மெக்கானிக்கை அவசரப்படுத்தி ஏற்றிவிடாதீர்கள்.

ஃபில்டர் கழுவுவது, ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றுவது, வடிகால் குழாயின் வெளிமுனையில் அடைப்பு எடுப்பது ஆகியவற்றை நீங்களே செய்துகொள்ளலாம்.

ஒவ்வோர் ஆண்டும் கேஸ் தீர்ந்துவிடுகிறது. ஏ.சி. பழையதானால் கேஸ் அதிகம் செலவாகுமா?

கேஸ் செலவாகும் பொருளே அல்ல. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அது ஆவியாகி, மீண்டும் திரவமாகி, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து ஆண்டு ஓடினாலும் கசிவு இல்லையென்றால் அளவு குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதுதான் பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவதற்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பணம், சில ஆண்டுகளில் ஒரு புதிய காயிலின் விலையை எட்டிவிடும்.

கசிவைத் தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே: இன்டோருக்கும் அவுட்டோருக்கும் செம்புக் குழாய் இணையும் ஃபிளேர் நட்டுகள், சர்வீஸ் வால்வு, காயிலின் ஓரத்தில் உள்ள வளைவுப் பற்றவைப்புகள், அதிர்வினால் ஒன்றோடொன்று உராயும் மெல்லிய கேப்பிலரிக் குழாய்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது வெளியேறுவதால், கசிவு உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு, சுற்றுக்குள் நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஏற்றிய நைட்ரஜனின் அழுத்தம் சில மணி நேரமாவது இறங்காமல் நின்றால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். இதற்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஏற்றினால் உள்ளே உள்ள எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

கசிவை அடைத்த பின் வாக்குவம் பம்ப் பொருத்திச் சுற்றில் உள்ள காற்றையும் ஈரத்தையும் முழுமையாக இழுக்க வேண்டும். சிறிது கேஸை விட்டுக் காற்றைத் தள்ளுவது பம்ப் கொண்டுவராதவர்கள் செய்யும் குறுக்குவழி. ஆர்-32, ஆர்-410ஏ வகைக் கேஸ் உள்ள ஏ.சி.களின் எண்ணெய் ஈரத்தை வேகமாக உறிஞ்சி, நாளடைவில் அமிலமாக மாறி, கம்ப்ரசரின் சுருளை அரிக்கும். இறுதியாக, கேஸை எடை பார்த்து நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது அவுட்டோரில் ஒட்டிய தகட்டில் இருக்கும். குழாய் வழக்கத்தைவிட நீளமாக இருந்தால் மட்டும் தயாரிப்பாளர் சொன்ன கணக்குப்படி சிறிது கூட்ட வேண்டும். எடைத் தராசும் வாக்குவம் பம்பும் இல்லாமல் கேஸ் சிலிண்டரோடு மட்டும் ஒருவர் வந்தால், வேலையை அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

பழைய ஏ.சி.யில் வேறு வகைக் கேஸ் நிரப்பலாமா?

நிரப்பக் கூடாது. ஒவ்வொரு கேஸுக்கும் அழுத்தம், எண்ணெய், குழாயின் அளவு எல்லாம் வேறு. ஆர்-22 ஏ.சி.யைக் காட்டிலும் ஆர்-410ஏ, ஆர்-32 ஏ.சி.களில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 ஆகிய இரண்டும் எடையில் சரிபாதி கலந்த கலவை. “அதில் பாதி இதுதானே” என்று ஆர்-32 மட்டும் நிரப்புவது சரியல்ல. ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது, அந்தப் பழைய யூனிட் அதற்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. அதைவிட ஆபத்தானது, ஆர்-22 ஏ.சி.யில் புரொப்பேனை, அதாவது ஆர்-290 கேஸை, நிரப்புவது. சமையல் எரிவாயுவைப் போலவே தீப்பற்றும் கேஸ் அது; அதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஏ.சி.களில் மட்டுமே இருக்க வேண்டும்.

மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா ஆர்-22 பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து 2030-க்குள் முடிவுக்குக் கொண்டுவருகிறது. எனவே ஆர்-22 ஏ.சி.யில் காயிலோ கம்ப்ரசரோ போனால், பழுது பார்ப்பதைவிடப் புதிய ஏ.சி. வாங்குவதே பொருத்தம்.

காயிலில் ஓட்டை என்கிறார்கள். பற்றவைத்தால் போதுமா, புதிய காயில் போட வேண்டுமா?

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. ஓரத்து வளைவிலோ இணைப்பிலோ ஒரே ஒரு கசிவு என்றால் பற்றவைப்பது போதும். அலுமினிய மடிப்புகளுக்கு நடுவே உள்ள குழாயில் கசிகிறது என்றால் அரிப்பு காயில் முழுவதும் பரவத் தொடங்கியிருக்கும். இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த கோடையில் இன்னொன்று திறக்கும். அந்த நிலையில் காயிலை மாற்றுவதே சரி.

திருவொற்றியூர் முதல் பெசன்ட் நகர் வரை கடலோரத்தில் உள்ள வீடுகளில் இது அடிக்கடி வரும் பழுது. உப்பு ஈரம் படியும்போது செம்புக் குழாயும் அலுமினிய மடிப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வேகமாக அரிக்கப்பட்டு, விரலால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். கழிவுநீர் வாய்க்காலின் ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு: அங்கே எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையே தாக்கிக் கறுக்கச் செய்கிறது. இத்தகைய இடங்களில் மாற்றும் காயில் பாதுகாப்புப் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். கடலோரத்தில் உள்ளவர்கள் அவுட்டோர் காயிலை அவ்வப்போது நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைவாகக் கழுவிவிடுவதும் உதவும்.

அலுமினியக் காயிலைப் பற்றவைப்பது செம்பைப் போல எளிதல்ல. பழக்கம் உள்ளவர் மிகக் குறைவு. ஆகவே அதை மாற்றுவதே வழி என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. காயிலைக் கழற்றுமுன் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பதைப் பம்ப் டவுன் என்பார்கள். இன்டோர் பக்கத்தில் கசிவு இருக்கும்போது அதைச் செய்தால், ஓட்டை வழியாகக் காற்றும் உள்ளே இழுக்கப்பட்டு, எண்ணெயோடு சேர்ந்து அழுத்தப்பட்டு, கம்ப்ரசர் வெடிக்கக்கூடும். கசிவு உள்ள ஏ.சி.யில் மீதமுள்ள கேஸைத் தனி இயந்திரத்தால் சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும்.

போர்டு போய்விட்டது, புதிய பிசிபி போட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

மெக்கானிக் மிக எளிதாகச் சொல்லிவிடும் பாகமும், மாற்றிய பின் திருப்பிக் கொடுக்க முடியாத பாகமும் போர்டுதான். அதனால் மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகே அதற்கு வர வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் இன்டோரும் அவுட்டோரும் பேசிக்கொள்ளவில்லை என்று எரர் கோடு வந்தால், இரண்டையும் இணைக்கும் கேபிளை முதலில் முழு நீளத்துக்கும் பாருங்கள். இடையில் முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பு மழையில் பச்சை பூத்திருந்தாலும் அதே கோடுதான் வரும். எரர் கோடு எந்தப் பகுதியில் கோளாறு என்று காட்டுமே தவிர, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. கோடுகளின் பொருளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நம் ஊரில் போர்டுகள் கெடுவதற்குப் பெரும் காரணங்கள் மூன்று. நியூட்ரல் துண்டிக்கப்பட்டு மின்னழுத்தம் எகிறுவது ஒன்று. பல்லி உள்ளே புகுந்து இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கருகிக் கிடப்பது மற்றொன்று. மூடியைத் திறந்தவுடன் வாடையிலேயே தெரிந்துவிடும். எறும்புகள் ரிலேயின் அருகே குடியேறுவது மூன்றாவது. மின்னழுத்தம் எகிறும்போது ஃபியூஸும், வாரிஸ்டர் என்னும் நாணயம் போன்ற பாகமும் தம்மை எரித்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பதும் உண்டு. அப்போது அந்த இரண்டை மட்டும் மாற்றினாலே போர்டு உயிர்பெறும். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் இத்தகைய உதிரிகள் கிடைக்கின்றன. போர்டைப் பாகம் பாகமாகப் பழுது பார்ப்பவர்களும் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். போர்டு கருகி அதன் தகடே துளைபட்டிருந்தால் மட்டும் அந்த முயற்சி வேண்டாம்.

“யுனிவர்சல் போர்டு” இன்வெர்ட்டர் அல்லாத பழைய ஏ.சி.க்கு ஓரளவு பொருந்தும். அதோடு வரும் சென்சார்களையும் ரிமோட்டையும் சேர்த்தே பொருத்த வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு அந்தந்த மாடலுக்கான போர்டைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். புதிய போர்டு பொருத்துமுன் ஃபேன் மோட்டார், கம்ப்ரசர் சுருள் ஆகியவற்றில் குறுக்கு மின்சுற்று இல்லை என்று அளந்து பார்க்கவில்லை என்றால், பழைய போர்டை எரித்த அதே கோளாறு புதியதையும் எரித்துவிடும்.

சென்சார், ஸ்விங் மோட்டார், ப்ளோயர் போன்ற சிறு பாகங்கள்?

இவை விலை குறைந்தவை, மாற்றுவதும் எளிது. வெப்பநிலை சென்சார் என்பது வெப்பம் கூடினால் மின்தடை குறையும் ஒரு சிறு மணி. 25 டிகிரியில் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ ஓம் காட்டும். தொடர்பு அறுந்தோ எண் தாவிக்கொண்டோ இருந்தால் மாற்ற வேண்டும். அளவு மாறிய சென்சாரைப் பொருத்தினால் ஏ.சி. அறை வெப்பத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே நின்றுவிடும், அல்லது நிற்காமல் ஓடும். ஃபேன் மோட்டாரில் வேகம், சுழலும் திசை, தண்டின் கனம் மூன்றும் பொருந்த வேண்டும். ப்ளோயர் சக்கரம் தடதடக்கிறது என்றால், அதை மாற்றுமுன் இதழ்களில் உள்ள அழுக்கைக் கழுவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் படிந்த அழுக்கே போதும் சமநிலை கெட.

இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எந்தப் பாகம்?

பெரும்பாலும் எந்தப் பாகமும் இல்லை. வடிகால் தட்டிலோ குழாயிலோ பாசி அடைத்திருக்கும், அல்லது குழாய் நடுவில் மேலேறி இறங்கும்படி கட்டியிருப்பார்கள். தட்டு விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டது என்று எப்படி உறுதிசெய்வது? மாற்றுவது லாபமா?

மின்சாரத்தை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கு இடையே மின்தடையை அளக்க வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று அளவுகளும் சமமாக இருக்கும். சாதாரண கம்ப்ரசரில் இரண்டு சிறிய அளவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவதுக்குச் சமமாக இருக்கும். எந்த முனைக்கும் கம்ப்ரசரின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. கம்ப்ரசர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது உள் பாதுகாப்பு திறந்திருக்கும் என்பதால், நன்றாக ஆறவிட்டு அளப்பது அவசியம். இந்த அளவுகளை உங்கள் முன்னாலேயே எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.

சுருள் கருகிய கம்ப்ரசரை மாற்றினால் குழாய்ச் சுற்றைக் கழுவ வேண்டும், ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர் போட வேண்டும். பழைய எண்ணெயின் அமிலம் உள்ளே இருந்தால் புதியதும் நீடிக்காது. கம்பெனிகள் கம்ப்ரசருக்கு 5, 10 ஆண்டு வாரண்டி தருகின்றன. ஆனால் கேஸ், கூலி, போக்குவரத்து பல நேரம் அதில் அடங்காது என்பதால் அட்டையைப் படித்துவிட்டுப் பேசுங்கள். வாரண்டி முடிந்து, காயிலும் அரித்திருந்தால் கம்ப்ரசரில் பணம் போட வேண்டாம். ஐந்தாறு ஆண்டுக்குள், மற்ற எல்லாம் நன்றாக இருந்தால் மாற்றலாம்.

பிளக்கும் சாக்கெட்டும் உருகுகின்றன. அதுவும் ஏ.சி. பழுதா?

பொதுவாக இல்லை. தளர்ந்த இணைப்பே காரணம். 16 ஆம்பியர் சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. வயரின் கருகிய முனையை வெட்டி, புதிதாக இறுக்க வேண்டும். 1.5 டன் ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. செம்பு வயரும் தனி எம்.சி.பி.யும் நல்லது. எர்த் இணைப்பைக் கட்டாயம் சோதிக்கவும்.

மாற்றிய பாகம் சரியில்லை என்றால் யாரிடம் கேட்பது? பழைய பாகத்தை என்ன செய்வது?

பாகத்தின் பெயர், மாடல் எண், வாரண்டிக் காலம், எடுத்த அளவுகள் ஆகியவற்றைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கேஸ் நிரப்பினால் எத்தனை கிராம் என்பதும் இருக்கட்டும். கழற்றிய பாகத்தை உங்களிடமே தரச் சொல்லுங்கள். நல்ல பாகம் கழற்றப்பட்டிருந்தால் வேறொருவரிடம் காட்டித் தெரிந்துகொள்ள அது ஒன்றே சான்று. சர்வீஸ் சென்டரில் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் அடங்குகிறது. முழு ஏ.சி.யையும் கழிக்கும்போது அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். பழைய இரும்புக் கடையில் செம்புக்காகக் குழாயை வெட்டும்போது உள்ளே இருக்கும் கேஸ் முழுவதும் காற்றில் கலந்துவிடும். ஒரு கிலோ ஆர்-410ஏ, புவி வெப்பமாதல் கணக்கில் இரண்டாயிரம் கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.